பெண் பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்து குறித்து வைப்பது எப்படி

எங்கள் பக்கம் சடங்கு வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்குள் யாராவது ஒரு ஆச்சி சொல்லிவிடுவார்கள், "இனிமேதான் பிள்ளை மளமளன்னு வளருவா, பாரேன்" என்று. நடப்பது தலைகீழ். பெண் பிள்ளைகள் வேகமாக வளர்வது வயசுக்கு வருவதற்கு முன்னால்தான். 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் மார்பு அரும்பத் தொடங்கும்போதே அந்த ஓட்டம் ஆரம்பித்துவிடும். அதுவரை வருஷத்துக்கு 5, 6 சென்டிமீட்டர் என்று போய்க்கொண்டிருந்த பிள்ளை 11, 12 வயதுவாக்கில் வருஷத்துக்கு 8 சென்டி வரைகூட வளரும். முதல் மாதவிலக்கு வரும்போது வேகம் இறங்கத் தொடங்கியிருக்கும். அதற்கப்புறம் பெரும்பாலும் 5 முதல் 7 சென்டிதான், அதுவும் இரண்டு மூன்று வருஷத்தில் நின்றுவிடும். அதனால் சடங்கு முடிந்து டேப்பைத் தேடிப் பயனில்லை, எட்டு வயதிலேயே தொடங்குங்கள். என் மகளுக்கும் நாத்தனார் மகளுக்கும் அளந்து பழகின முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் சுவர். நோட்டில் எண் தாறுமாறாக வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். இப்போது கட்டும் வீடுகளில் சுவரின் அடியில் நாலு இஞ்ச் உயரத்துக்கு டைல்ஸ் பட்டை ஒட்டியிருக்கிறார்கள், பிள்ளையின் குதிகால் அதில் முட்டி நின்றுவிடும், முதுகு சுவரைத் தொடாது, தொடுவதற்காகப் பின்னால் சாய்வாள், சாய்ந்தால் உயரம் போச்சு. பட்டை இல்லாத சுவர் பார்க்க வேண்டும், அல்லது கதவு நிலையின் சட்டம். தரையும் சமமாக இருக்க வேண்டும். பாய், மிதியடி எதுவும் காலுக்கடியில் கூடாது.

அடுத்தது டேப். தையல் டேப் வேண்டவே வேண்டாம், பழசானால் இழுபடும். தச்சர்கள் வைத்திருக்கும் இரும்பு டேப்தான் சரி. தலைக்கு மேல் வைக்க ஸ்கேலைப் பிடிக்காதீர்கள், கை அசைந்தாலே முன்பக்கம் சாயும். மூலைமட்டம் இருந்தால் ரொம்ப நல்லது, இல்லையென்றால் கெட்டி அட்டை போட்ட தடிமனான புத்தகம். அதன் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி நிற்க, அடிப்பக்கம் தலையில் படிய வேண்டும். அல்வா டப்பாவை வைத்துப் பார்த்தோம், மூலை மழுங்கிப்போகிறது.

அப்புறம் பிள்ளையை நிறுத்துவது. செருப்பு, சாக்ஸ் கழற்றி, குதிகால், புட்டம், தோள்பட்டை சுவரில் பட நிற்கட்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டின இரட்டைச் சடையும் பிச்சிப்பூவுமாக நிறுத்தினால் நீங்கள் அளப்பது சடையைத்தான், அவிழ்த்துவிடுங்கள். கண்ணின் கீழ்விளிம்பும் காதுத் துவாரமும் ஒரே கிடைக்கோட்டில் இருக்க வேண்டும். பிள்ளைகள் உயரமாகத் தெரிய மோவாயைத் தூக்குவார்கள், அப்படித் தூக்கினால் உண்மையில் அளவு குறையும், இதைச் சொன்னால் உடனே இறக்கிவிடுவார்கள். புத்தகத்தை முடி அமுங்கும் அளவுக்கு இறக்கி, அடியில் பென்சிலால் கோடு போட்டு, பிள்ளையை நகரச் சொல்லிவிட்டுத் தரையிலிருந்து அளங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். நாள் முழுக்க நடந்து ஓடி முதுகெலும்பு அமுங்குவதால் காலையில் இருக்கும் உயரம் சாயங்காலம் ஒரு சென்டி வரை குறையும், எனவே எப்போதும் ஒரே நேரம்.

கணக்குக்கு வருவோம், இங்கேதான் பலரும் பதறுவது. ஒரு மாதத்தில் 0.9 சென்டி வளர்ந்திருக்கிறாள் என்று 12-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 10.8 வந்து நிற்கும். நீங்கள் அரை சென்டி பிசகி அளந்திருந்தால் அந்தப் பிசகும் 6 சென்டியாக ஊதிவிடும். குறைந்தது ஆறு மாத இடைவெளி வேண்டும், ஒரு வருஷமென்றால் இன்னும் நம்பலாம். போன ஜனவரியில் 134.2, இந்த ஜனவரியில் 141.0 என்றால் 6.8. அவ்வளவுதான் கணக்கு. பிறகு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரைக்குமான பெண் பிள்ளைகள் வரைபடத்தில், பிள்ளையின் வயதுக்கு நேராக அன்றைய உயரத்தைப் புள்ளியாக வையுங்கள். ஆண் பிள்ளைக்குத் தனித்தாள், மாற்றி எடுத்துவிடாதீர்கள். புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைவிட, வருஷா வருஷம் அதே கோட்டை ஒட்டிப் போகிறதா என்பதைப் பாருங்கள்.

எவ்வளவு உயரம் வரலாம் என்று கேட்பவர்களுக்கு: அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி 13 கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 152 என்றால் 153.5. இது உத்தேசம்தான், மேலும் கீழும் 8 சென்டி வரை போகலாம்.

படித்துவிட்டு இரண்டு பேர் கேட்டதால் சேர்க்கிறேன். கம்பியில் தொங்கினால் வளருமா? வளராது. உளுந்தங்களி? கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டினது நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள், ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எலும்பு முனையின் வளர்ச்சித் தட்டை மூடிவிட்டால் களியாலும் டப்பா பவுடராலும் அதைத் திறக்க முடியாது. இன்னொருத்தர், "செருப்பு சைஸ் மட்டும் ஏறுது, ஆள் அப்படியே இருக்கா" என்றார். காலும் கையும்தான் முதலில் நீளும், உடம்பு பின்னால் வரும். இந்தச் சமயத்தில் யூனிபார்ம் தைத்தால் கீழே மடிப்பு நிறைய விடச் சொல்லுங்கள்.

8 வயதுக்கு முன்னாலேயே மார்பு அரும்பினாலும், 13 ஆகியும் அறிகுறியே இல்லாவிட்டாலும், 15 ஆகியும் வயசுக்கு வராவிட்டாலும், உயரப் புள்ளி வரைபடத்தில் 3 என்று எண் போட்ட கடைசிக் கோட்டுக்குக் கீழே இருந்தாலும், கோடு கோடாக இறங்கிக்கொண்டே வந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே குழந்தைகள் பிரிவு இருக்கிறது. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள், தைராய்டுக்கு ரத்தம் எடுப்பார்கள், ரொம்பக் குட்டையான பெண் பிள்ளைக்கு டர்னர் குறைபாடு (இரண்டு X குரோமோசோமில் ஒன்று இல்லாமலோ குறையாகவோ பிறப்பது) இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனையும் எழுதலாம். போகும்போது தேதி போட்ட அளவு நோட்டையும் உங்கள் இருவரின் உயரத்தையும், அம்மா எந்த வயதில் பெரிய பிள்ளையானார் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள், இதெல்லாம் கேட்பார்கள்.