அப்பாவுக்கு சிங்கப்பூரில் புராஸ்டேட் ஆபரேஷனா? நெல்லையிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

கடையநல்லூர், தென்காசிப் பக்கம் பல வீடுகளில் மகனோ மருமகனோ சிங்கப்பூரில் இருப்பார். "அப்பாவை இங்கே கூட்டிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்பார். சரி, போகலாம். டிக்கெட் போடும் முன் இந்த வேலைகளை வரிசையாக முடித்துவிடுங்கள்.

1. என்ன நோய் என்று உறுதி செய்யுங்கள்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதில் வந்திருப்பது வயதில் வரும் சாதாரண வீக்கமா, புற்றுநோயா? இரண்டுக்கும் ஆபரேஷன் வேறு. வீக்கம் என்றால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் சதையை மட்டும் எடுப்பார்கள். ஹோலெப் என்ற லேசர் முறை அப்படிப்பட்டது. வயிற்றில் வெட்டே கிடையாது. புற்றுநோய்க்குச் சுரப்பியையே முழுதாக எடுக்க வேண்டும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு ரோபோ கருவியால் செய்வது பெரும்பாலும் இதற்குத்தான். வீக்கத்துக்குப் பலருக்கு மாத்திரையே போதும். ஆபத்து குறைந்த புற்றுநோயை ஆபரேஷன் இல்லாமல் கண்காணித்து வருவதும் முறையான வைத்தியம்தான். இதைக் கேட்காமல் யாரும் பாஸ்போர்ட்டைத் தூக்க வேண்டாம்.

2. ரிப்போர்ட்டுகளைச் சேருங்கள்

பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டில் சுரக்கும் புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை, சுரப்பியின் அளவு காட்டும் ஸ்கேன். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் பரிசோதனை). எம்.ஆர்.ஐ.யை ஃபிலிமாக மட்டும் வாங்காமல் சி.டி.யாகவும் கேளுங்கள். பயாப்சியில் எடுத்த சதை இருக்கும் கண்ணாடி ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பயாப்சிக்குப் பின் புண் ஆற 6 முதல் 8 வாரம் விட்டுத்தான் ரோபோ ஆபரேஷன் செய்வது வழக்கம். பயணத் தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.

3. சிங்கப்பூர் டாக்டரிடம் வீடியோ காலில் அப்பாவைத் தனியாகப் பேச விடுங்கள்

சிறுநீர்க் கசிவு, தாம்பத்தியம் இரண்டையும் ஆபரேஷன் பாதிக்கலாம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர் வாயே திறக்க மாட்டார். முடிவு அவருடையது, கேள்வியும் அவர் கேட்கட்டும்.

4. பணம்

சாதாரணப் பயணக் காப்பீடு முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பணம் தராது. மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். கூடுதல் நாள் தங்க நேர்ந்தால் எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும்.

5. இங்கே ஒரு டாக்டரைப் பேசி வையுங்கள்

பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆபரேஷன் ஒரு நாள், கவனிப்பு மாதக்கணக்கு. ஊர் திரும்பியபின் ராத்திரி யூரின் அடைத்தால் சிங்கப்பூர் டாக்டர் என்ன செய்ய முடியும்? பாளையங்கோட்டையில் ஒரு யூராலஜி டாக்டரைப் பார்த்து, "போய் வந்தபின் நீங்கள் பார்ப்பீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்ட பிறகே டிக்கெட்.

6. மாத்திரைகள்

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவற்றைத் தானாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் சேர்ந்து சொல்லட்டும்.

7. திரும்பி வருவது

லேசர் முறையில் யூரின் போக வைத்த டியூப் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியே வரும். ரோபோவில் ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே எடுங்கள். மதுரையோ திருவனந்தபுரமோ, இறங்கியபின் நெல்லைக்குக் காரிலும் சில மணி நேரம் உட்கார வேண்டும். காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால் நடுவில் இறங்கி நடக்கட்டும். ஒரு மாதமாவது பைக்கும் வேண்டாம், குடம் தூக்கவும் வேண்டாம்.

எடுத்த சதையின் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கி உள்ளூர் டாக்டரிடம் கொடுங்கள். குளிர் காய்ச்சல், கட்டிகட்டியாக ரத்தம், யூரின் வராமல் அடைப்பு, ஒரு கால் மட்டும் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.