டணால் தங்கவேலு: ஊர் விழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது எப்படி

தமிழ்ப்பட நகைச்சுவை நடிகர் கே. ஏ. தங்கவேலு (1917–1994) காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக்காரர். 1917இல் அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. ஆகவே பிறப்புப் பதிவு இருந்தால் அது கொம்யூன் (பிரெஞ்சு ஆட்சியின் ஊராட்சி மன்றம்) ஏட்டில், பிரெஞ்சில்தான் இருக்கும். நாகப்பட்டினத்தில் தேடுவது வீண். ஆங்கில எழுத்துக்கூட்டை வைத்துக்கொண்டு தேடினாலும் கண்ணில் படாது. பிரெஞ்சில் பெயரின் கடைசி ‘லு’ எல், ஓ, யூ என்று முடியும். இனிஷியலைத் தேடாமல் தகப்பனார் பெயரைப் பாருங்கள்.

அடுத்தது படவரிசை. 1936இல் ‘சதிலீலாவதி’, 1951இல் ‘டணால்’ பட்டம் ஒட்டிக்கொண்ட ‘சிங்காரி’, 1959இல் மன்னார் அண்ட் கம்பெனி பைரவனாக வந்த ‘கல்யாணப் பரிசு’, 1963இல் நடிகை டி. பி. முத்துலட்சுமியோடு பூரி சுடும் ‘அறிவாளி’. இந்த நாலையும் முளையாக அடித்துக்கொண்டு நடுவில் இருப்பதை நிரப்புங்கள். நடிகர் பட்டியலுக்குத் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் உதவும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் நிறைய இருக்கின்றன. ஆனால் அது படம் வெளிவருமுன் அச்சானது. கடைசி நேரத்தில் ஆள் மாறியிருந்தால் அதில் தெரியாது. படத்தின் டைட்டிலோடு ஒப்பிட்டே தீரவேண்டும். வெளியான தேதிக்கு அன்றைய நாளிதழ் விளம்பரம்.

பெரியவர்களிடம் “எந்த வருஷம் பார்த்தீங்க?” என்று கேட்டால் டூரிங் கொட்டகைக்குப் படம் வந்த வருஷத்தைத்தான் சொல்வார்கள். அது வெளியான வருஷம் ஆகாது. கும்பகோணம் பக்கம் “மாமாங்கத்துக்கு முன்னேயா, பின்னேயா?” என்று கேளுங்கள். 1956, 1968 இரண்டும் மகாமக ஆண்டுகள். ஞாபகம் அதில் சட்டென்று பிடிபடும்.

பலரும் கோட்டைவிடுவது படத்தின் பிரதியில். நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் கதையோடு ஒட்டாமல் தனி டிராக்காக ஓடும். நேரம் குறைக்க நினைப்பவர் கத்தரி முதலில் அங்கேதான் விழும். பிறகு அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு “இதில் அவருக்குச் சின்ன வேஷம்” என்று எழுதிவிடுகிறார்கள்.

சரிபார்க்கும் வழி இது. தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழில் படத்தின் நீளம், பழைய படமென்றால் பெரும்பாலும் அடிக்கணக்கில், இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றால் 180 நிமிஷம். டிவிடியில் அதுவே 173 நிமிஷம் காட்டினால் பதற வேண்டாம்: நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டியதை 25 பிரேமாக ஓட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். தங்கவேலுவின் குரல் கொஞ்சம் கீச்சென்று கேட்பதும் அதனால்தான். அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு குரலைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். 173க்குப் பதில் 160 நிமிஷம்தான் என்றால் 12, 13 நிமிஷம் நிஜமாகவே போயிருக்கிறது.

எங்கே போனது? 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிஷம். ஏறக்குறைய அந்த இடைவெளியில் மட்டும் படம் துள்ளினால் ரீல் முனை தேய்ந்து அறுந்தது. வசனத்தின் நடுவில், வேறு இடத்தில் துள்ளினால் வெட்டு என்று சந்தேகப்படலாம். பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் நகைச்சுவைப் பாட்டு பிரதியில் இல்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. அப்படிப்பட்ட படத்துக்கு மலரில் “முழுப் பிரதி பார்க்கவில்லை” என்று ஒரு வரி சேருங்கள். வேஷத்தின் அளவைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள்.