மோட்டார்ஹோமில் பேட்டரி ஏறவில்லையா? மல்டிமீட்டரைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

வீட்டு வசதிகளோடு கட்டிய வேனான மோட்டார்ஹோமில் இரவில் விளக்கு மங்கி, தண்ணீர்ப் பம்பு திணறத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை புதிய பேட்டரிக்கு விலை விசாரிப்பதுதான். பழைய பேட்டரி உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் அதைக் கெடுத்த காரணம் வேறிடத்தில் இருந்தால், புதிதாக வாங்கியதும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும். சார்ஜ் ஏறாமல் இருப்பது, ஏறியது நிற்காமல் போவது, நின்றது எங்கோ கசிந்து இறங்குவது ஆகிய மூன்றும் வெவ்வேறு குறைகள். காலையில் விளக்கு எரியாத நிலையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரிவதால்தான் குழப்பம் வருகிறது.

ஐரோப்பாவில் ஃபியட் டுக்காட்டோ போன்ற வேனின் மீது கட்டப்படும் வழக்கமான மோட்டார்ஹோமை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அதில் இன்ஜினைக் கிளப்ப ஒரு பேட்டரியும், விளக்கு, பம்பு, மின்விசிறி ஆகியவற்றுக்காகத் தனியே 12 வோல்ட் வீட்டு பேட்டரியும் இருக்கும். ஓடும்போது இன்ஜின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர், முகாமில் நிற்கும்போது 230 வோல்ட் இணைப்பிலிருந்து சார்ஜர், கூரையில் சோலார் பேனல் என மூன்று வழிகளில் வீட்டு பேட்டரிக்கு மின்சாரம் வருகிறது.

தொடங்கும் முன்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். நேர்மின்னோட்டத்தையும் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் கடைசிப் படி எளிதாகும். மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வையுங்கள். சிவப்பு வயர் தவறுதலாக ஆம்பியர் துளையில் செருகப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அப்படியே பேட்டரியின் இரு முனைகளில் வைத்தால் மீட்டர் கருகும். கைமோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் தீப்பொறி கூடாது. இணைப்பைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். 230 வோல்ட் பகுதியின் மூடியைத் திறக்க வேண்டிய கட்டம் வந்தால், அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

படி 1: ஓய்வு நிலை வோல்ட்

சார்ஜர் இணைப்பைப் பிடுங்கி, விளக்குகளை அணைத்து, சோலார் பேனலும் ஏற்றாத இரவு நேரத்தில் சில மணி நேரம் பேட்டரியை ஓய்வில் விட்ட பிறகு அளக்க வேண்டும். சார்ஜ் ஆன உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் மீட்டரை ஏமாற்றும். ஈய அமில பேட்டரியில் 12.7 வோல்ட் நிறைவையும், 12.4 ஏறத்தாழ முக்கால் பங்கையும், 12.2 பாதியையும் குறிக்கும், 12.0 என்றால் கால் பங்குதான் மீதி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்தக் கணக்கு செல்லாது. அதன் வோல்ட் நெடுநேரம் 13.2-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால், எஞ்சியிருப்பதை அதன் சொந்த மானியில்தான் பார்க்க வேண்டும்.

படி 2: ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக

எல்லா வழிகளும் ஒரே நேரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால் எது வேலை செய்யவில்லை என்பது தெரியாது. எனவே முதலில் 230 வோல்ட் சார்ஜரை மட்டும் எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரம் விளக்குகளை எரியவிட்டு பேட்டரியைச் சற்று இறக்கிவிட்டு, பிறகு இணைப்பைக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் பேட்டரி முனைகளில் எண் தெளிவாக ஏறத் தொடங்கி, காலப்போக்கில் 14.4 வோல்ட் அளவை எட்ட வேண்டும். அசையாமல் நின்றால் சார்ஜரின் வெளியீட்டு முனைகளில் அளந்து பாருங்கள். அங்கும் ஏறவில்லை என்றால் குறை சார்ஜரிலோ அதற்கு முன்போ இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் 230 வோல்ட் பிளக்கில் கெட்டில் சூடாகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுவும் நடக்கும்.

படி 3: வழியில் தொலையும் வோல்ட்

இந்தப் படியில்தான் பெரும்பாலான தொடக்கநிலையினர் ஏமாறுகிறார்கள், ஆகவே இங்கே சற்று நின்று போவோம். சார்ஜரில் 14.4 இருந்து பேட்டரியில் 13.6 மட்டும் வந்தால், இடையிலுள்ள 0.8 வோல்ட் வயரிலோ, ஃபியூஸிலோ, களிம்பு ஏறிய டெர்மினலிலோ வெப்பமாகத் தொலைகிறது. சார்ஜர் தன் முனையிலுள்ள வோல்ட்டைப் பார்த்தே பேட்டரி நிறைந்துவிட்டதாக முடிவுகட்டி, நிறைந்த பேட்டரியை அப்படியே தக்கவைக்கும் மிதவை நிலையான 13.5-ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கிவிடும். பச்சை விளக்கும் எரியும். பேட்டரி மட்டும் அரைவயிற்றோடு கிடக்கும்.

இந்த இழப்பை அளக்க ஒரு நேரடி வழி உண்டு. சார்ஜர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் சிவப்பு முனையைச் சார்ஜரின் பிளஸ் மீதும், கருப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் மீதும் வையுங்கள். மீட்டர் காட்டுவதே பிளஸ் பாதையில் தொலைந்த வோல்ட். 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம், 0.3-ஐத் தாண்டினால் தேட வேண்டும். சிவப்பு முனையை அசைக்காமல், கருப்பு முனையை மட்டும் பேட்டரியிலிருந்து சார்ஜரை நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள்: டெர்மினல், ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எண் திடீரெனக் குறைகிறதோ அங்கேதான் குறை இருக்கிறது. மைனஸ் பாதையையும், குறிப்பாகப் பாடி எர்த்து இணைப்பையும் இதேபோல் சோதியுங்கள்.

மின்னோட்டம் இல்லாதபோது இந்தச் சோதனை பயன்படாது. தோட்டத்துக் குழாய் நடுவில் நசுங்கியிருந்தாலும், முனையை மூடிவைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், ஒற்றைக் கம்பியிழை ஒட்டியிருக்கும் வயரில்கூட அது 12 வோல்ட்டைக் காட்டிவிடும். என் வண்டியில் கண்ணுக்கு நல்ல நிலையில் தெரிந்த ஒரு ஃபியூஸை மூன்று முறை எடுத்துப் பார்த்துத் திரும்பச் செருகியிருக்கிறேன். பழுது அதைத் தாங்கிய உறையின் பித்தளை நாக்கில் ஏறியிருந்த பச்சைக் களிம்பில் இருந்தது.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. மைனஸைக் கழற்றிய பிறகு உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். கருகிய ஃபியூஸ் உறையைத் தேய்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள்.

படி 4: ஆல்டர்னேட்டர்

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி இன்ஜினைக் கிளப்புங்கள். மூடிய கொட்டகையில் புகை உயிருக்கே ஆபத்து. இன்ஜின் பேட்டரியில் பழைய வகை வண்டிகள் 13.8 முதல் 14.4 வரை காட்டும். வீட்டு பேட்டரியும் அதை ஒட்டி ஏற வேண்டும். இன்ஜின் பேட்டரி மட்டும் ஏறி, வீட்டு பேட்டரி இருந்த இடத்திலேயே நின்றால், இரண்டையும் இணைக்கும் தானியங்கி ஸ்விட்சான ரிலே மூடவில்லை (அதாவது இணைப்புக் கொடுக்கவில்லை) அல்லது இடையிலுள்ள ஃபியூஸ் போய்விட்டது. வோல்ட்டை உணர்ந்து மூடும் ரிலே ஏறத்தாழ 13.3-இல் மூடி 12.8-இல் திறக்கும்.

யூரோ 6 எனும் ஐரோப்பியப் புகை விதிக்கேற்ப வந்த வண்டிகளில் எதுவும் கெடாமலேயே இந்தக் குறை தோன்றும். எரிபொருளைச் சேமிப்பதற்காக, இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் அவற்றின் ஆல்டர்னேட்டர் 12.5 வரைகூட இறங்கிவிடும். பிரேக் போடும்போது 15-ஐ நெருங்கும். அந்த இறக்கத்தில் ரிலே திறந்துகொள்ளும், அல்லது மூடியே இருந்தாலும் ஏற்றுவதற்கு அழுத்தம் போதாது. இப்படிப்பட்ட வண்டியில் ரிலேயை மாற்றிப் பயனில்லை. வோல்ட்டைத் தானே உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர்தான் தீர்வு.

படி 5: சோலார்

மீட்டரை 20 வோல்ட்டுக்கு அடுத்த பெரிய அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒன்றின் வயர்கள் கழற்றிய நிலையில் பெரும்பாலும் 18 முதல் 22 வோல்ட் வரை காட்டும். மாட்டிய பிறகு பேட்டரியில் வோல்ட் ஏறவில்லை என்றால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஏற்றத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள். கழற்றும்போது பேனலை முதலிலும் பேட்டரியைப் பிறகும், மாட்டும்போது பேட்டரியை முதலிலும் இணைக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் பேனலோடு மட்டும் விடப்பட்ட கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம்.

படி 6: இப்போது பேட்டரியைச் சந்தேகிக்கலாம்

மூன்று வழிகளும் சரியென்று தெரிந்த பிறகு, பேட்டரியை முழுதாக ஏற்றி, மைனஸையும் சோலார் இணைப்பையும் கழற்றி, ஓர் இரவு விடுங்கள். யாரும் மின்சாரம் எடுக்காமலேயே காலையில் 12.7 என்பது 12.3 ஆகியிருந்தால் உள்ளேயே கெட்டிருக்கிறது. அசையாமல் நின்றால் அடுத்ததாகச் சுமை கொடுங்கள். 100 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் எடுத்து ஒரு மணி நேரத்திலேயே 11.5-க்குச் சரிந்தால் அதற்கு விடைகொடுத்துவிடலாம். வாரக்கணக்கில் இறங்கிய நிலையில் கிடந்த ஈய அமில பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிப்போவதே இதற்கு வழக்கமான காரணம். அத்தகைய பேட்டரி சீக்கிரம் நிறைந்ததாகக் காட்டி, அதைவிடச் சீக்கிரம் காலியாகும்.

லித்தியம் வைத்திருப்பவர்கள் பனிக்காலக் காலையில் பதற வேண்டாம். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏறினால் செல்கள் கெடும் என்பதால், பல பேட்டரிகளில் உள்ளிருக்கும் காப்புச் சுற்று ஏற்றத்தைத் தானே தடுத்துவிடும். உள்ளே சூடானதும் மீண்டும் ஏறத் தொடங்கும்.

படி 7: கசிவு

மைனஸைக் கழற்றியபோது நின்ற சார்ஜ், மாட்டியதும் இறங்குகிறதென்றால் ஏதோ ஒன்று ஓசையில்லாமல் குடித்துக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, கிளாம்ப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மைனஸ் கேபிளைச் சுற்றிப் பிடியுங்கள். 0.05 ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணிதான், எரிவாயு அலாரம், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றுக்கு அவ்வளவு தேவைப்படலாம். 0.5 என்றால் நாளொன்றுக்கு 12. நான்கே நாளில் 100 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதி காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். எதற்கும் விழவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் தாண்டி நேரே பேட்டரியோடு இணைத்திருப்பவற்றைத் தேடுங்கள். முதலில் இன்வர்ட்டரைப் பாருங்கள். அதில் எதையும் செருகாவிட்டாலும், அதன் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தால் இரவு முழுவதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.