பார்டர் சுகர், கால் வீக்கம், தீராத வலி: முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

“சுகர் பார்டர்ல இருக்குதாமா, அதான் கால் வீங்குது.” சோமனூர் தறிக்குடோனிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பார்டர் என்றால் வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை. இந்த அளவுச் சர்க்கரை தானாகக் காலை வீங்க வைக்காது. வீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கும். பழியைச் சுகர் மேல் போட்டுவிட்டால் அந்தக் காரணத்தை யாரும் தேட மாட்டார்கள்.

தள்ளிப்போடக் கூடாதவை முதலில். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவவே கூடாது. சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் தோலில் கிருமி இறங்கியிருக்கலாம், அதுவும் அன்றே. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், படுத்தால் மூச்சு முட்டினால் 108.

இரண்டு காலும் மெல்ல வீங்குகிறது என்றால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது. தையல் டேப்பால் கணுக்காலுக்கு மேலே ஒரே இடத்தில் காலையும் மாலையும் அளந்து, ஒரு வாரம் காலண்டரில் குறியுங்கள். காலையில் வடிந்து மாலையில் ஏறினால் நின்றே செய்யும் வேலை, ரத்தக்குழாய் வால்வுத் தளர்ச்சி, மாத்திரை என்று சந்தேகம் போகும். காலையிலேயே முகமும் இமையும் உப்பியிருந்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி மாத்திரைப் பை. வலியும் வீக்கமும் சர்க்கரையும் சந்திக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். டைக்ளோபினாக், ஐபுபுரோபென், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின் இரண்டும் காலை வீங்க வைப்பதோடு தூக்கத்தையும் சோர்வையும் கொடுக்கும். பிரஷருக்கான அம்லோடிபின், அதுவும் 10 மில்லிகிராம், கணுக்கால் வீக்கத்துக்குப் பேர்போனது. இந்த வீக்கத்துக்கு நீர் போகிற மாத்திரை பெரிதாக உதவாது. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது டெல்மிசார்டான் போன்ற வேறு வகைப் பிரஷர் மாத்திரையைச் சேர்ப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

“ரெண்டு ஊசி போட்டா வலி பறந்துரும்” என்று போடப்படும் ஊசியிலும், பேரில்லாமல் பொட்டலத்தில் தரும் பொடியிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது சர்க்கரையை ஏற்றும், முகத்தையும் காலையும் உப்ப வைக்கும். மாதக்கணக்கில் எடுத்தவர்கள் சட்டென்று விட்டாலும் ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சாதாரண வலிக்குப் பாரசிட்டமால் பாதுகாப்பானது: தானாக எடுப்பதென்றால் நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல், ஈரல் நோயோ குடிப்பழக்கமோ இருந்தால் கேட்டுவிட்டு. தண்ணீரில் பொங்கிக் கரையும் வகை வேண்டாம், அதில் சோடியம் அதிகம்.

வீக்கத்துக்கு வீட்டில் செய்யக்கூடியது: கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி படுத்து 20 நிமிடம், நாளுக்கு மூன்று முறை. முக்காலியில் கால் நீட்டி உட்கார்வது போதாது. தறியிலோ செக்கிங் டேபிளிலோ நிற்பவர்கள் மணிக்கொரு முறை குதிகாலை 20 தடவை தூக்கி இறக்கினால் கெண்டைக்கால் சதையே ரத்தத்தை மேலே தள்ளும். காலுறை என்றால் முழங்காலுக்குக் கீழே நிற்கும் 15–20 எம்எம்எச்ஜி (mmHg) அழுத்த வகை; காலையில் எழுந்தவுடன், வீங்கும் முன் அளவெடுத்து வாங்கி, கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும். மேல் விளிம்பைச் சுருட்டினால் அதுவே கயிறு மாதிரி இறுக்கும். நடந்தால் கெண்டை வலித்து நின்றால் விடுகிறது, பாதம் சில்லிட்டிருக்கிறது, விரலில் புண் ஆறவில்லை என்றால் ரத்தஓட்டம் பார்க்காமல் காலுறை போடவே கூடாது.

உப்பு ஆளுக்கு நாளுக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சாயங்கால டீயோடு தின்கிற பப்ஸ், மிக்சர் எல்லாம் அதற்குள். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். பாக்கெட்டின் மேல் பிரித்த தேதியை எழுதிவையுங்கள், உண்மை தெரிந்துவிடும். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான் எடுப்பவர்களும் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அசதிக்கு டானிக் வாங்கும் முன் ரத்தம் பாருங்கள்: ஹீமோகுளோபின், பெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு), பி12, கிரியேட்டினின் (சிறுநீரகம்), அதோடு சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம். சுகருக்கான மெட்பார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாளடைவில் பி12 குறையலாம். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், அதனால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பது நல்லது. 140 முதல் 199 வரை பார்டர். பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் நம் பக்கத்துப் பெரிய ஏமாற்று, நாட்டுச்சர்க்கரை ஒன்றும் செய்யாது என்பது. கவுந்தப்பாடிச் சர்க்கரையானாலும் கருப்பட்டியானாலும் ரத்தத்தில் சர்க்கரைதான். அரிசிம்பருப்பில் ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்பு போடுகிறவர்கள் பருப்பை முக்கால் டம்ளர் ஆக்கி, தட்டில் பாதிக்குப் பொரியலை வையுங்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் மட்டும் பருப்பளவை டாக்டரிடம் கேட்க வேண்டும். ராகிக்களி நல்லதுதான், ஒரு உருண்டை. மூன்று தின்றால் சோற்றுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 7 சதவீதம் குறைத்தாலே பலன் தெரியும்: 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ.

முட்டி வலியோடு ஒரேயடியாக முக்கால் மணி நேரம் நடக்க வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்தி இறக்குங்கள், காலுக்குப் பத்து. பலர் தவறுவது வலி குறைந்த நாளில்தான். கோயில் நோம்பி சாட்டியாச்சென்று ஒரே நாளில் வீடு கழுவி, சாளை கூட்டி, பாத்திரம் எல்லாம் விளக்கிவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவார்கள். வலி ஏறாமல் 20 நிமிடம் செய்ய முடிந்தால் 15-லேயே உட்கார்ந்துவிடுங்கள், வலி இல்லாவிட்டாலும். பிறகு வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டலாம்.

வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் பார்ப்பதோடு பிசியோதெரபியும் உண்டு. ஊர் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள். எடையை தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்த பின் பார்த்து எழுதுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். அடுத்த செக்கப் வரை காத்திராமல், அந்தக் காலண்டர்த் தாளையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.