போனில் எடுத்த வீடியோவை பாட்டி வீட்டு டிவிடி பிளேயரில் ஓட வைப்பது எப்படி

மலேசியாவில் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் பாட்டிக்கு யூடியூப் லிங்க் அனுப்பிப் பயனில்லை. அவரிடம் இருப்பது ஒரு பழைய டிவிடி பிளேயர், அதன் ரிமோட்டைக்கூட பிளாஸ்டிக் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்புவதை வழியெல்லாம் நடந்து போனிலேயே எடுத்தேன், 95 நிமிடம். அதை அப்படியே ஒரு டிவிடி மென்பொருளில் இழுத்துப் போட்டு வட்டில் எரித்து (அதாவது பதிவு செய்து) கொண்டு போனால், பாட்டி வீட்டில் தேங்காய் தரையில் விழுந்து சிதறுகிறது, தண்ணீர் தெறிக்கிறது, சத்தம் மட்டும் அரை நொடி கழித்து வருகிறது. கடைசியில் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று நொடி தள்ளி. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மானம் போனது.

இந்த மென்பொருள்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு தாமாகவே மாற்றுகின்றன, தப்பு அங்கேதான் நடக்கிறது. என்கோடிங்கை, அதாவது டிவிடிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றும் வேலையை, நாமே தனியாகச் செய்து, சரிபார்த்து, அப்புறம் அந்த மென்பொருளிடம் மெனு போடும் வேலையை மட்டும் கொடுப்பதுதான் என் வழி.

டிவிடி பிளேயருக்குத் தெரிந்த பாஷை மிகக் குறைவு. வீடியோ எம்பெக்-2 ஆக இருக்க வேண்டும். அளவு பால் முறையில் (குடிக்கிற பால் இல்லை, டிவி முறை) 720×576, நொடிக்கு 25 பிரேம், அதாவது 25 படம். என்டிஎஸ்சி என்ற இன்னொரு டிவி முறையில் 720×480, நொடிக்கு 29.97. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், ஏசி-3 என்ற ஒலி வகையாக இருந்தால் எந்தப் பிளேயரிலும் பிரச்சினை இல்லை. போன் தருவதோ 1920×1080, எச்.264 அல்லது எச்.265, ஏஏசி ஒலி. கோப்புப் பெயரில் எம்பி4 என்ற வாலை வெட்டிவிட்டு எம்பிஜி என்று பெயர் மாற்றினால் ஓடும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஓடாது.

முதலில் பாலா, என்டிஎஸ்சியா என்று முடிவு செய்யுங்கள். மலேசியா பால் நாடு, 2019இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தும் வரை அதுதான், அதனால் எல்லோரும் யோசிக்காமல் பால் என்று தட்டிவிடுகிறார்கள். ஆனால் போன் பெரும்பாலும் எடுப்பது நொடிக்கு 30 பிரேம். அதை 25 ஆக்க ஒவ்வொரு நொடியிலும் 5 பிரேமைத் தூக்கிப் போட வேண்டும், ரதம் நகரும்போது கேமராவைத் திருப்பினால் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான். நம் ஊரில் விற்ற பிளேயர்களும் டிவிகளும் அனேகமாக என்டிஎஸ்சி வட்டையும் ஓட்டிவிடும், ஆகவே 30 பிரேம் வீடியோவுக்கு நான் கூச்சப்படாமல் என்டிஎஸ்சிதான் போடுகிறேன். பழைய ஹேண்டிகேமில் 25 பிரேமில் எடுத்த கல்யாண டேப் என்றால் பால்.

அடுத்தது சத்தம் தள்ளிப்போகும் பிரச்சினை. போன் சொல்வதுதான் 30, வெளிச்சம் குறைந்தால் 24க்கு இறங்கும், பிறகு ஏறும். இரவில் ரதத்தின் விளக்கு அருகே வரும்போது ஒரு வேகம், இருட்டுச் சந்துக்குப் போனால் இன்னொரு வேகம். டிவிடிக்கோ ஒரே சீரான வேகம்தான் தெரியும். மீடியாஇன்ஃபோ என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள், பிரேம் ரேட் மோட் என்ற இடத்தில் வேரியபிள் என்று இருந்தால் அதைச் சீராக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் பிரேம் ரேட் என்று தேர்ந்தெடுத்து, தரத்தை உயர்வாக வைத்து, ஒரு இடைக்கோப்பு எடுத்துக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக்கில் இதற்கு மேல் போகாதீர்கள், டிவிடிக்கு ஏற்ற கோப்பு அதிலிருந்து வராது.

டிவிடி கோப்பை எடுக்க எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டுமே என்று பயப்பட வேண்டாம், டார்கெட் என்ற ஒரே ஆப்ஷனில் என்டிஎஸ்சி-டிவிடி அல்லது பால்-டிவிடி என்று கொடுத்தால் அளவு, வேகம், ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ் எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். கூடவே ஆஸ்பெக்ட் 16:9 என்று கட்டாயம் சொல்லுங்கள். டிவிடியில் அகலப்படமும் பழைய சதுரப்படமும் ஒரே 720 புள்ளிகளில்தான் அடங்கும், எப்படி விரிப்பது என்று பிளேயருக்குச் சொல்வது அந்தக் குறி மட்டும்தான். அது தப்பினால் எல்லோரும் மூங்கில் மாதிரி ஒல்லியாகத் தெரிவார்கள். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த துண்டுகள் என்றால் நேர் எதிர், இரு பக்கமும் கறுப்புப் பட்டை போடாமல் விட்டால் அத்தை பீப்பாய் ஆகிவிடுவார். (பட்டைக்குப் பதில் மங்கலான பின்னணி போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.)

பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் டேட்டா அளவை, மட்டும் அதன் போக்கில் விடாதீர்கள். டார்கெட் போட்டால் நிமிடக் கணக்கு பார்க்காமல் வீடியோவுக்கு 6,000 கிலோபிட், ஒலிக்கு 448 என்று வைத்துவிடும். 4.7 ஜிபி வட்டு என்பது 470 கோடி பைட், கம்ப்யூட்டரில் அது 4.37 என்று காட்டும், பயப்பட வேண்டாம். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக மெகாபிட்டில் 37,600. என் 95 நிமிடம் 5,700 நொடி, வகுத்தால் நொடிக்கு 6.6 மெகாபிட், அதில் ஒலி, மெனு, சில்லறைச் செலவெல்லாம் அடங்க வேண்டும். ஆகவே வீடியோ 6,000 என்றே விட்டு ஒலியை 224க்கு இறக்கினேன், வட்டில் கொஞ்சம் இடமும் மிஞ்சியது. இரண்டு மணி நேரம் என்றால் 4,700 பக்கம் வரும். ஒரு மணி நேரம்தான் என்றாலும் 8,000க்கு மேல் ஏற்ற வேண்டாம், விதிப்படி 9,800 வரை போகலாம்தான், ஆனால் வீட்டில் எரித்த வட்டில் பழைய பிளேயர் மூச்சு வாங்கும். இரண்டு பாஸில் (முதல் முறை முழுப் படத்தையும் அலசி, இரண்டாம் முறை மாற்றி) என்கோட் செய்தால் நேரம் இரட்டிப்பு, ஆனால் மேடையில் ஒருவர் பேசும் இடத்தில் மிச்சம் பிடித்ததை மயிலிறகுக் காவடியும் உருமி மேளமும் ஆடும் இடத்தில் செலவழிக்கும். ஒரு பாஸில் அந்த மயிலிறகு கட்டம் கட்டமாக உடைந்து போனதைப் பார்த்த பிறகு நான் நேரத்தைப் பார்ப்பதில்லை.

ஹேண்டிகேம் டேப்பாக இருந்தால் இன்னொரு தொல்லை உண்டு. அது இன்டர்லேஸ் படம், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோடுகளை இரண்டு பாதியாகப் பிரித்து எடுத்தது, மினிடிவி என்ற சின்ன டிஜிட்டல் கேசட் என்றால் கீழ்க்கோடு முதலில். வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டால் நடக்கிறவர் முன்னும் பின்னுமாக நடுங்குவார்.

சரி, கோப்பு வந்துவிட்டது. எரிப்பதற்கு முன் விஎல்சியில் திறந்து தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று தேங்காய் உடைக்கும் இடம் பார்த்து ஓட்டுங்கள். மூன்றிலும் சத்தம் ஒட்டி வந்தால் போதும். உங்கள் வீடியோவில் தேங்காய் இல்லையென்றால் கைதட்டல், கெட்டிமேளம், எதுவும் சரி.

மெனு போடும் மென்பொருளான டிவிடிஸ்டைலரில் போடும்போது வீடியோவுக்கும் ஒலிக்கும் காப்பி என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டதை அது மறுபடி என்கோட் செய்துவிடும். மெனு எழுத்துகளை ஓரத்தில் வைக்காதீர்கள், பழைய டிவி ஓரத்தை விழுங்கிவிடும். முதல் முயற்சியை அழித்து எழுதும் வட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு நல்ல வட்டில், 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் வேகத்தில் எரிக்கலாம். மேலே காகித லேபிள் ஒட்ட வேண்டாம், சுழலும்போது ஆட்டம் கொடுக்கும், மார்க்கரில் எழுதினால் போதும். இரண்டு காப்பி போட்டுக் கொடுங்கள், ஒன்று எப்படியும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.