மலைக் கல்லூரி ஃபிரிஸ்பீ அணி முதல் போட்டிக்கு இறங்கும்போது

உதகையில் எங்கள் கல்லூரியில் ஃபிரிஸ்பீ அணி தொடங்கிய புதிதில், சென்னையில் ஒரு போட்டிக்குப் போகிறோம் என்று சொன்னதும், விடுதிச் சமையற்கார அண்ணன், "தட்ட எறிஞ்சு வெளையாடவா அவ்ளோ தூரம் போறீங்க?" என்று கேட்டார். உடற்கல்வித் துறையிலும் அதே கேள்வி வந்தது. சற்று மரியாதையாக வந்தது, அவ்வளவுதான். ஆகவே முதல் வேலை அனுமதிக் கடிதம். இந்த ஆட்டத்தின் பெயர் அல்டிமேட் என்பதையும், அணிக்கு 7 பேர் 175 கிராம் எடையுள்ள டிஸ்க்கை வைத்து ஆடுவதையும், 1968இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியில் இது தோன்றியதையும், இதன் உலகக் கூட்டமைப்பைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2015இல் அங்கீகரித்ததையும் அதில் எழுதுங்கள். ஓ.டி. (கல்லூரிப் பணியாக வெளியே போனதாகக் கணக்கிடும்) வருகைப்பதிவு கிடைப்பதற்கு எங்களுக்கு மிகவும் உதவியது அந்தக் கடைசி வரிதான்.

முழு ஆடுகளம் 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்டது. அதில் இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு எண்ட் ஜோன், அதாவது டிஸ்க்கைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் பகுதி, உண்டு. அவ்வளவு பெரிய சமதரை மலையில் எளிதில் கிடைக்காது. சரிவான, குறுகிய இடத்திலேயே பழகியவர்கள் போட்டிக் களத்தில் நடுவில் கூட்டமாக நின்றுவிடுவார்கள். நீளம் கிடைக்காவிட்டாலும், புறப்படுவதற்கு முன் ஓரிரு நாளாவது 37 மீட்டர் அகலத்தை அளந்து கூம்புகள் வைத்து, ஓரக்கோடு வரை ஓடி டிஸ்க் வாங்கப் பழகுங்கள்.

இனி, மலை அணிகளை உண்மையில் ஏமாற்றுகிற விஷயத்துக்கு வருகிறேன். ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். டிஸ்க்கைத் தாங்குவது காற்று என்பதால், மெல்லிய காற்றில் அது சீக்கிரம் தாழ்ந்துவிடும். அதை ஈடுகட்ட நம் கை, நமக்கே தெரியாமல், வேகமாகவும் டிஸ்க்கின் முன்முனையைச் சற்றுத் தூக்கியும் எறியப் பழகிவிடுகிறது. அதே எறிதலைச் சென்னையில் எறிந்தால் டிஸ்க் எழும்பி மிதக்கும். எங்கள் முதல் ஆட்டத்தில் நீண்ட ஓட்டத்தில் வல்லவளான ஒரு தோழி, டிஸ்க் விழ வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய் நின்று, தலைக்கு மேலே அது இறங்காமல் மிதப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்த எதிரணிப் பெண் குதித்து அதைத் தட்டிவிட்டுப் போனாள். ஆகவே எறிபவர்கள் முனையைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைக்க வேண்டும். பிடிப்பவர்கள் விழும் இடத்தில் காத்திருக்காமல், எட்டக்கூடிய மிக உயர்ந்த புள்ளியிலேயே பாய்ந்து எடுக்க வேண்டும். பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால், காற்றுக்கு எதிராக எறிவது இன்னும் எழும்பும், காற்றோடு எறிவது தாழும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் 'புல்' (pull) எறிதலும் இதே போல மிதந்துதான் வரும். அதைத் தொட்டுத் தவறவிட்டால் டிஸ்க் எதிரணிக்குப் போய்விடும் என்பதால், நிச்சயமாகப் பிடிக்க முடியாவிட்டால் தரையில் விழ விட்டுவிட்டு எடுப்பதே மேல்.

சென்னை வெயிலைப் பழக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும். நமக்குக் கிடைப்பது ஓர் இரவு. அதனால் ஆளை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். அடிபட்டால் தவிர, ஒரு புள்ளி முடிந்த பிறகே ஆளை மாற்ற முடியும் என்பது விதி. ஆகவே 'நான் இன்னும் ஆடுவேன்' என்று நிற்பவரையும் கேப்டன் வெளியே அழைத்து உட்கார வைக்க வேண்டும். மலையில் நமக்குத் தாகமே தெரியாது. அங்கே தாகம் தெரியும்போது தாமதமாகியிருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் இடையில் இரண்டு மடக்கு உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ குடியுங்கள். மேட்டுப்பாளையம் வரையிலான கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கும் முன் பரோட்டா வேண்டாம். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிய பிறகு சாப்பிடலாம்.

களத்தில் நடுவர் இருக்க மாட்டார். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, நின்று ஆடும்போது உணர்வது வேறு. ஃபவுலை, அது யார்மீது நடந்ததோ அவரேதான் கூப்பிட வேண்டும். எங்கள் அணியினர் கூச்சத்தில் முதல் ஆட்டம் முழுவதும் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை. எதிரணி கூப்பிட்டதையெல்லாம் 'சரிங்க அக்கா' என்று ஒப்புக்கொண்டோம். அது பணிவு அல்ல, விதி தெரியாமை. பிடிக்கும்போது தட்டிவிட்டார்கள் என்று ஒருவர் கூப்பிட்டு, மற்றவர் அதை ஏற்றால், பிடிக்கப் போனவருக்கே டிஸ்க் கிடைக்கும். ஏற்காவிட்டால், மூடிய இரு கைமுட்டிகளையும் மார்புக்கு முன் மோதிக் காட்டலாம். டிஸ்க் எறிந்தவரிடமே திரும்பிப் போகும். சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் பேச வேண்டும். மற்ற பன்னிரண்டு பேரும் சூழ்ந்துகொண்டு வழக்காடக் கூடாது. பயிற்சியிலேயே கேப்டன் வேண்டுமென்றே கையைத் தட்டிவிட்டு, தட்டப்பட்டவர் உரக்கக் கூப்பிடும் வரை ஆட்டத்தைத் தொடர விடுவது இதற்கு நல்ல மருந்து.

ஸ்டால் எண்ணிக்கையும் அப்படித்தான். டிஸ்க் வைத்திருப்பவரிடமிருந்து 3 மீட்டருக்குள் நிற்கும் எதிராளி, விநாடிக்கு ஒன்றுக்கு மேற்படாத வேகத்தில் பத்து வரை எண்ணுவார். பத்து என்று சொல்லத் தொடங்குவதற்குள் டிஸ்க் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். புதியவர்கள் ஏழு என்று கேட்டதுமே கண்ணை மூடிக்கொண்டு எறிந்துவிடுவார்கள். ஐந்திலேயே முன்னே பார்ப்பதை நிறுத்தி, பக்கத்தில் நிற்கும் ஹேண்ட்லர் (டிஸ்க்கை வாங்கி ஆட்டத்தை நகர்த்தும் சக ஆட்டக்காரர்) பக்கம் திரும்புவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் தோள்மேல் கை போட்டு வட்டமாக நின்று பேசும். அதன் பிறகு எதிரணி எவ்வளவு நேர்மையாக ஆடியது என்பதற்கு ஸ்பிரிட் மதிப்பெண் இட வேண்டும்: விதி அறிவு, உடல் மோதல், நியாய மனம், மனநிலை, பேச்சு ஆகிய ஐந்துக்கும் தலா 0 முதல் 4 வரை. 2 என்றால் குறை அல்ல, வழக்கமான நல்ல ஆட்டம் என்று பொருள். தோற்ற கோபத்தில் 0, விருந்தோம்பலில் 4 என்று இரண்டையும் போடாமல், அணியாக உட்கார்ந்து பேசி எழுதுங்கள்.

உதகைக்குத் திரும்பிய முதல் நாள் பயிற்சியில் எல்லோருடைய எறிதலும் எதிரில் இருப்பவரின் காலடியில் விழும். கை பழைய வேகத்துக்கு வர இரண்டு நாள் விடுங்கள்.