வெடித்த தோல் பூட்ஸுக்கு எண்ணெய் தீர்வல்ல

பரணில் இரண்டு மழைக்காலம் கிடந்த பூட்ஸை எடுத்துப் பார்த்தால், விரல் மடியும் இடத்தில் தோல் வெடித்திருக்கும். கை நேராகத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குத்தான் போகும். நானும் அப்படித்தான் செய்தேன். அன்று மாலை பளபளவென்று இருந்தது. சில நாளில் பழுப்புத் தோல் திட்டுத்திட்டாகக் கறுத்தது, மழை வந்ததும் தையல் ஓரமெல்லாம் பூஞ்சை பூத்தது.

தோல் என்பது நார்களின் பின்னல். பதனிடும்போதே நார்களுக்கிடையில் எண்ணெய்ப்பசை ஏற்றுவார்கள், தோல் வளைந்து கொடுப்பது அதனால்தான். அந்தப் பசை வற்றியதும் நார்கள் உரசி அறுகின்றன. அறுந்த நார் மறுபடி சேராது. கண்டிஷனர், அதாவது தோலுக்கு எண்ணெய்ப்பசை ஊட்டும் களிம்பு, தடவினால் வெடிப்பு மூடாது, மேலும் பெருகாமல் நிற்கும். அவ்வளவுதான். மூடும் என்று நம்பி மேலே மேலே பூசுவதில்தான் பாதி பூட்ஸ் வீணாகிறது.

மேல்பூச்சு படலமாக உரிந்து, அதோடு ஒட்டியிருந்த துணி தெரிந்தால் அது ரெக்சின், அதாவது செயற்கைத் தோல், அதோடு போராட வேண்டாம்.

தூசியோடு பாலிஷ் போடாதீர்கள். வெடிப்புக்குள் சிக்கிய மண் ஒவ்வொரு அடிக்கும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். லேஸைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். துணி துவைக்கும் தூள் வேண்டாம். அதன் காரம் தோலுக்கு ஆகாது.

அப்புறம் காயவைப்பது. என்னைக் கேட்டால் சூட்டில் காயவைப்பதைவிடப் பெரிய தவறு இல்லை. ஈரத்தோலில் கடும் சூடு பட்டால் நார்கள் சுருங்கிவிடும், அந்தச் சுருக்கம் மீளாது. மொட்டை மாடி வெயில், ஹேர் டிரையர், அடுப்படி எதுவும் கூடாது. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நமுத்ததும் மாற்றி, நிழலில் ஃபேன் காற்றில் ஓரிரு நாள் விடுங்கள். பிறகு கண்டிஷனரைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு மெல்லிசாகத் தடவி, ஓர் இரவு ஊறவிட்டு, தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஒரேயடியாக ஊற்றினால் தோல் தொளதொளத்துப் போகும்.

வெடிப்பில் சூப்பர் குளூ விடுகிறவர்கள் உண்டு. அது கண்ணாடி மாதிரி இறுகி, நடக்கும்போது உடைந்து பக்கத்துத் தோலையும் கிழிக்கும். மேலோட்டமான வெடிப்பு என்றால் நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வளைந்து கொடுக்கும் தோல் ஃபில்லரை (வெடிப்பை நிரப்பும் பசையை) மெல்லிய அடுக்குகளாக, ஒன்று காய்ந்தபின் அடுத்ததாகப் பூசலாம். பூட்ஸை வளைத்தால் உட்துணி தெரிகிறதா? அப்படியானால் ஃபில்லர் நிற்காது. செருப்பு தைப்பவரிடம் கொடுத்து உள்ளே தோல் ஒட்டு வைத்துத் தைக்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் முன்னால் அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை சோல் சும்மா கிடந்தாலே காற்றின் ஈரத்தில் சிதைந்து பொடியாக உதிரும், பசை போட்டு ஒட்டியும் பயனில்லை. உதிர்ந்தால், புது சோல் போட எவ்வளவு செலவாகும் என்று கேட்டுக்கொண்ட பிறகு கண்டிஷனர் வாங்கப் போங்கள்.